பாட்டா, ஜெபமா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை அபுந்தியோ வீட்டு முற்றத்திலிருந்து சாயம் கொதிக்கிற நாற்றம் கிளம்பியது. வால்தெரோப்லே கிராமத்தில் அந்த நாற்றம் தெரியாத மூக்கு கிடையாது. புளித்த ஒயினில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட மாதிரி இருக்கும், தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் அண்டா அடுப்பில் ஏறும். பாவாடை, சட்டை, முக்காடு, காலுறை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கறுப்புத் தண்ணீரில் முங்கி எழும். ஆனால் அதற்கு முன்னால் கோயில் மணி அடிக்க வேண்டும். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு. உள்ளூரில் செத்தாலும் சரி, கடல் தாண்டிக் கியூபாவில் போய்ச் செத்தாலும் சரி, மணி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். இந்தத் தடவை மணி அடிக்கவே இல்லை. சாயம் மட்டும் கொதித்தது.

ஓப்துலியா அப்போது ஓடையில் இருந்தாள். மேலே படிந்திருந்த பனிக்கட்டியைக் கோடாலிக் காம்பால் உடைத்து, இரண்டு பசுக்களையும் தண்ணீர் குடிக்க விட்டிருந்தாள். நாற்றம் மூடுபனியோடு சேர்ந்து சரிவில் இறங்கி வந்தது. யார் வீடாக இருக்கும் என்று அவளும் ஊரைப் போலவே மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். தன் வீட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், பசுக்கள் குடித்தனவா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அவற்றை ஓட்டிக்கொண்டு மேடேறினாள்.

முற்றத்தில் அவளுடைய மாமனார் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, ஒரு ஓக் கம்பால் கிண்டிக்கொண்டிருந்தார். அபுந்தியோ தன் எழுபது வருஷத்தில் ஒரு முட்டை அவித்து யாரும் பார்த்ததில்லை. சாயப் பொட்டலம் அல்கனீசெஸ் சந்தையில் வாங்கியது; சந்தை கூடிப் பத்து நாளாகிறது, அத்தனை நாளும் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனுஷன் அடுப்பில் ஏற்றியிருந்தது பன்றி அண்டாவை. இரத்தத்தையும் வெங்காயத்தையும் கிண்டிக் குடலில் அடைப்பதற்கென்றே வைத்திருக்கிற பெரிய செம்பு அண்டா அது. அடுத்த வியாழக்கிழமை அவர்கள் வீட்டில் பன்றி அறுப்பு, சனிக்கிழமை அதே அண்டா பக்கத்து வீட்டுக் கசில்தாவுக்கு இரவல் போவதாகப் பேச்சு. ஒரு பொம்பளை இந்தக் காரியத்தைச் செத்தாலும் செய்திருக்க மாட்டாள்.

"மாமா, அது பன்றி அண்டா" என்றாள் ஓப்துலியா.

"தெரியும்."

"யாரு செத்தது?"

அபுந்தியோ கம்பைத் தூக்கிப் பார்த்தார். கம்பின் நுனியில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டை கறுப்பாகச் சொட்டிக்கொண்டு வந்தது.

"உன் பாவாடையையும் கொண்டா. இன்னும் மூணு துணிக்குச் சாயம் தாங்கும்."

"பேரைச் சொல்லுங்க, கொண்டாறேன். பேர் தெரியாம நான் எதையும் முக்க மாட்டேன்."

"அப்ப அண்டா இங்கயே இருக்கட்டும்" என்றார் அவர். "நீ எப்பக் கொண்டாந்தாலும் சரி."

அபுந்தியோவுக்குப் பொய் சொல்ல வராது. அது ஊரறிந்த விஷயம். சந்தையில் மாடு விற்கப் போனால், மாடு எந்தக் காலைத் தாங்கி நடக்கும் என்று வாங்குகிறவன் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். பொய் சொல்ல வராதவர் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியதில் அந்தப் பேசாமையின் தினுசெல்லாம் ஓப்துலியாவுக்கு அத்துப்படி. பல்வலிக்கு ஒரு தினுசு, விலை படியாத கன்றுக்குட்டிக்கு ஒரு தினுசு. இது அவள் பார்த்திராத தினுசாக இருந்தது.

பசுக்களைக் கொட்டகையில் கட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். அந்த வீட்டில் சாக மிச்சமிருந்தது யார்? மாமியார் அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. அவள் புருஷன் எலியாஸ் ஒருத்தன்தான். ஜெர்மனியில் டயர் செய்கிற தொழிற்சாலைக்கு அவன் போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது. முதல் வருஷம் மாசம் தவறாமல் கடிதாசி வந்தது. இரண்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பனி மூடிய ஒரு கோயில் படம், பின்னால் நாலு வரி. அப்புறம் ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறானா, இருந்தால் ஏன் எழுதவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். ஓப்துலியாவுக்கு முப்பத்தொரு வயது. புருஷன் உள்ளவள் என்றும் சொல்ல முடியாது, இல்லாதவள் என்றும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறி, கடைசியில் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

நாற்றம் போன வேகத்துக்குக் கசில்தா வந்தாள். சல்லடை வேண்டுமாம். அவள் வீட்டில் சல்லடை மூன்று இருப்பது ஓப்துலியாவுக்குத் தெரியும். முற்றத்துக்குள் நுழைந்தவளின் கண் நேரே அண்டாவில் போய் விழுந்தது, அங்கேயே நின்றது.

"ஏடி, அது என் சனிக்கிழமை அண்டால்ல?" என்றாள். அப்புறம்தான் துக்க வீட்டு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "யாருடி?"

தெரியாது என்று ஓப்துலியா சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமலே சல்லடையை வாங்கிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் துவைக்கிற துறையில் விஷயம் நாலு கிளை விட்டது. அபுந்தியோவுக்குக் கியூபாவில் ஒரு அக்கா உண்டு, அவள் போய்விட்டாள் என்றார்கள் சிலர். அக்கா போய் இருபது வருஷமாகிறது, அப்போதே மணி அடித்தாகிவிட்டது என்று இன்னொருத்தி வாயை அடைத்தாள். அவருக்கே நெஞ்சுவலி, தனக்காக முன்கூட்டியே சாயம் போட்டுக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு. செத்தது எலியாஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அங்கே துவைக்க வந்திருந்த ஓப்துலியா துணியை முறுக்கும்போது எல்லோரும் அவள் கை மோதிரத்தைப் பார்த்தார்கள்.

இரண்டு நாளில் தெரிந்துவிடும் என்று கசில்தா முடிவு சொன்னாள். அதை யாரும் மறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முடியப்பர் திருநாள். அன்றைக்கு வேஷக்காரர்கள் ஊரிலுள்ள நாற்பத்துமூன்று வீட்டு வாசலிலும் வந்து நிற்பார்கள். தலைவனாகக் குருடன் வேஷத்தில் வருகிறவன் கம்பால் கதவைத் தட்டி, பாட்டா, ஜெபமா என்று கேட்பான். வீட்டுக்குத் தலைவர் யாரோ அவர் பதில் சொல்ல வேண்டும். பாட்டு என்றால் முகமூடியோடு பாடி, ஆடி, வீட்டுக்காரர்களைக் கிண்டல் செய்து, சொரீசோ என்கிற பன்றித் தொத்திறைச்சியும் ஒயினும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஜெபம் என்றால் துக்க வீடு; பிசாசு வேஷக்காரர்களும் இடுப்பில் கட்டிய மாட்டுமணியைப் பிடித்து நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்ற வேண்டும், செத்தவர் பேரைக் கேட்டு ஜெபம் சொல்ல வேண்டும். வாசலில் சொன்ன பதில் அடுத்த முடியப்பர் வரைக்கும் நிற்கும். எலியாஸின் கடிதாசி நின்ற பிறகு வந்த இரண்டு வருஷமும் குருடன் கேட்டு முடிப்பதற்குள் அபுந்தியோ பாட்டு என்று சொல்லியிருந்தார்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு அபுந்தியோ கறுப்புச் சட்டையோடு வந்தார். சாயம் சரியாகப் பிடிக்காமல் அக்குளில் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் தெரிந்தது. குடிலில் இருந்த பாலன் சொரூபத்துக்கு முத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பாலனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் வெளியேறினதும் ஓப்துலியா உள்ளே போய்ப் பங்குச் சாமியாரைப் பிடித்தாள். அவர் மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே சொன்னார். அபுந்தியோ போன வாரம் வந்து மணி அடிக்கச் சொன்னாராம். யாருக்கு என்று கேட்டால் மூன்று அடி என்று மட்டும் சொன்னாராம். சாவுச் சான்றுக் காகிதம் இருந்தால் கொண்டு வாருங்கள், காகிதமில்லாமல் நான் யாரையும் சாகடிக்க முடியாது என்று சாமியார் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மூன்று அடி என்றால் ஆண்.

ஓப்துலியா கோயில் சுவரோரம் நின்று அழப் பார்த்தாள். வந்த கண்ணீர் குளிரில் வந்ததா அழுகையில் வந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. எலியாஸ் செத்திருந்தால் முகம் நினைவுக்கு வர வேண்டும். அவளுக்கு வந்தது அவன் பூட்ஸ் கழற்றுகிற சத்தம் மட்டும்தான். இதற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நேரே தபால்காரன் தாசியோ வீட்டுக்குப் போனாள். எலியாஸோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கோயிலில் அவன் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். கோவேறு கழுதையின் கடிவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஜெர்மனியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டாள். உன் பேருக்கு ஒன்றும் வரவில்லை என்றான். கடிவாளத்திலிருந்து அவன் தலை நிமிரவேயில்லை. திருநாளும் அதுவுமாக எண்ணெய் போடுகிறானே என்று அவளுக்குத் தோன்றியது, அதற்கு மேல் அன்றைக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பூண்டுச் சூப்பை மாமனாருக்கு ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எலியாஸா மாமா?"

அபுந்தியோ ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். சூப்பு தெரியாத அளவுக்கு ரொட்டி நிறைந்துவிட்டது. அப்புறம் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். சாப்பாட்டை விட்டு எழுகிற மனிதர் இல்லை அவர். ஓப்துலியா முற்றத்துக்கு வந்து அண்டாவைப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாகப் பனி உறைந்திருந்தது. தன் பழுப்புப் பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அதை முக்காமல் திரும்ப உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

முடியப்பர் திருநாளன்று விடிந்தும் மூடுபனி விலகவில்லை. பத்து மணிக்கு மேலத்தெருவில் மாட்டுமணிச் சத்தம் கிளம்பியது. பெரிய பிசாசின் இடுப்பில் ஒன்பது மணி, சின்னப் பிசாசின் இடுப்பில் ஐந்து. இரண்டு பேருக்கும் ஆட்டுத்தோல், கருக்கின தக்கைமரப்பட்டையில் முகம், முயல் பல். பின்னால் தோல்பைக் குழல் ஊதுகிறவன். அவனுக்கும் பின்னால் கிழிந்த பாவாடையும் முக்காடும் வைக்கோல் முலையுமாகச் சாம்பல்காரி. உள்ளே இருப்பது ஆம்பளைதான். தோளில் ஒரு சாம்பல் மூட்டை, அதில் புகைக்கரியும் கலந்திருக்கும். கல்யாணமாகாத பெண்கள் எங்கே ஒளிந்தாலும் துரத்திப் பிடித்துக் கன்னத்தில் பூசிவிடுவாள். கல்யாணமானவளைத் தொட மாட்டாள், விதவை பக்கம் திரும்பவும் மாட்டாள். கறுத்த கன்னத்தோடு வீட்டுக்கு வருகிற பெண்ணைப் பெற்றவர்கள் சந்தோஷமாகத் திட்டுவார்கள்.

வேஷம் கட்டுகிறவர்கள் யார் என்று வெளியே சொல்லக்கூடாது. ஆகவே ஊருக்கு அன்றைக்கு அதுதான் வேலை. குருடன் யார் என்பதில் சந்தேகமில்லை. கொல்லன் லியோன்சியோவின் கரகரத்த தொண்டையை எந்த முகமூடியும் மறைக்காது. பிசாசுகள் இரண்டும் பில்பாவோவிலிருந்து லீவில் வந்த அண்ணன் தம்பிகள் என்று செருப்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாம்பல்காரிதான் பிடிபடவில்லை. காலில் கோணி கட்டியிருந்தது, வாயைத் திறக்கவில்லை. பன்றி வியாபாரி என்றாள் ஒருத்தி. அவ்வளவு வேகமாக அவனால் ஓட முடியாது என்றாள் இன்னொருத்தி.

ஓப்துலியா உள்ளிருந்து சத்தத்தை வைத்தே அவர்கள் எந்த வீட்டில் நிற்கிறார்கள் என்று கணித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இரண்டு சொரீசோவும் ஒயின் குடுவையும் எடுத்து வைத்தாள். துக்க வீட்டில் ரொட்டியும் சாராயமும்தான் கொடுப்பது, ஆகவே அதையும் எடுத்து வைத்தாள். இரண்டையும் பார்க்கையில் அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊருக்குத் தெரியப்போகிற அதே நிமிஷத்தில்தான் தனக்கும் தெரியப்போகிறது என்பதுதான் அவளை அறுத்தது.

கசில்தா வீட்டு வாசலில் பாட்டு நடந்தது. மூன்று சல்லடை இருந்தும் நாலாவது கேட்டுப் போன மூக்கைப் பற்றி லியோன்சியோ பாடினார். தெரு முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் கசில்தா. அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது. மாட்டுமணிகள் இந்தப் பக்கம் திரும்பின. பின்னாலேயே பாதி ஊர் வருகிற காலடிச் சத்தம் கேட்டது.

கம்பு கதவில் மூன்று தரம் விழுந்தது.

"பாட்டா, ஜெபமா?"

அபுந்தியோ கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, மேலே கனத்த பழுப்புப் போர்வை அங்கியோடு வாசற்படியில் போய் நின்றார். ஓப்துலியா அவருக்குப் பின்னால் நின்றாள். நாற்பது ஐம்பது முகங்கள் மூடுபனிக்குள் தெரிந்தன.

"ஜெபம்" என்றார் அபுந்தியோ.

"யாருக்கு?"

கிழவரின் தாடை இரண்டு தரம் அசைந்தது. "எலியாஸுக்கு. என் மகனுக்கு."

கூட்டத்தில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள், அப்புறம் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஓப்துலியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிசாசுகள் மணியை இரண்டு கையாலும் அணைத்து நிறுத்தினார்கள். தக்கைமர முகங்கள் கழன்றன. உள்ளே இருந்தவர்கள் ஊர் கண்டுபிடித்த அதே அண்ணன் தம்பிகள். லியோன்சியோ தொப்பியை எடுத்தார். சாம்பல்காரி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். லியோன்சியோ முழங்கையால் இடித்ததும் முக்காட்டோடு சேர்த்து முகமூடியைக் கழற்றினாள். தாசியோ.

வேறொரு நாளாக இருந்தால் ஊர் இதற்கே ஓவென்று கூவியிருக்கும். இப்போது லியோன்சியோ பரலோக மந்திரத்தைத் தொடங்கினார், தெரு முழுக்கப் பின்னால் சேர்ந்துகொண்டது. ஓப்துலியாவும் வாயை அசைத்தாள், சொற்கள் தம்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. அவள் கண் தாசியோ மேல் இருந்தது. நேற்றுக் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினவனிடம் இன்றைக்குக் கடிவாளமும் இல்லை, முகமூடியும் இல்லை. கோயிலில் கூரை அதிர ஜெபிக்கிறவன், வைக்கோல் முலைக்கு மேலே உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். கடைசி வரை அந்த உதடு பிரியவில்லை.

ஆமென் சொன்னதும் ஓப்துலியா மாமனாரைத் தாண்டி வாசற்படியிலிருந்து இறங்கினாள்.

"தாசியோ, எல்லாரும் ஜெபிச்சாங்க. நீ ஏன் ஜெபிக்கலே?"

அவன் சாம்பல் மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். கிழவரைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னான். "உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவங்க ஜெபத்தைச் சொல்லக் கூடாது ஓப்துலியா. எனக்குப் பயமாயிருச்சு."



"அவனைக் கேக்காதே" என்றார் அபுந்தியோ பின்னாலிருந்து. "நான்தான் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். கடிதாசி என் பேருக்கு வந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது, அவன்தான் கொட்டகையில வச்சுப் படிச்சான்."

"எப்ப வந்துச்சு?"

"ஆத்துமாக்கள் திருநாளுக்கு மறுவாரம்."

"என்ன எழுதியிருந்தான்?"

ஊர் கேட்டுக்கொண்டிருப்பதை அபுந்தியோ மறந்துவிட்டார், இல்லாவிட்டால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அங்க ஒருத்தி இருக்காளாம். ஒரு பொம்பளப்பிள்ளை, நடக்க ஆரம்பிச்சிருச்சாம். இனி வர மாட்டானாம். உன்கிட்ட நானே சொல்லிடணும்னு எழுதியிருந்தான். பெத்தவன்கிட்ட இப்படி ஒரு வேலையைக் குடுக்கிறான் பாரு. நான் எப்படிம்மா சொல்லுவேன்? செத்துட்டான்னு சொல்லிடலாம்னு பார்த்தேன், அதுவும் வாயில வரலே. அதான் சாயம் வாங்கினேன். சாயத்தைப் பார்த்து நீயே புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். விதவைன்னா இந்த ஊர் எழுந்து நின்னு இடம் விடும். விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா சிரிக்கும். நீ சிரிப்புக்கு ஆளாகக்கூடாதுன்னு பார்த்தேன்."

ஏழு வாரம். ஏழு வாரமாக இந்தக் கிழவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்திருக்கிறார். ஓப்துலியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. எலியாஸ் மேல், தாசியோ மேல், அந்தச் சட்டையின் திட்டுத்திட்டான கறுப்பின் மேல் வந்தது. நடக்க ஆரம்பித்துவிட்ட பிள்ளை என்று கேட்டபோது எங்கோ ஓர் இடத்தில் நன்றாகவே வலித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்றும் இருந்தது. இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு கேள்வியை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அது நிம்மதிதான். புருஷன் ஓடிப்போன சேதி கேட்டு நிம்மதிப்படுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"லியோன்சியோ அண்ணே, ஜெபம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"அது மாமா கேட்டது. அவருக்கு மகன் இல்லேன்னு ஆயிருச்சு, அது அவரு துக்கம். ஜெபம் இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, சரிப்படுத்திக்கொண்டாள். "இப்ப நான் சொல்றேன். பாட்டு."

லியோன்சியோ தலையைச் சொறிந்தார். "வீட்டுக்கு ஒண்ணுதாம்மா. ரெண்டும் இது வரைக்கும் யாருக்கும் பண்ணினதில்லையே."

"இந்த வீட்ல ரெண்டு பேர் இருக்கோம்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம் இல்லே."

லியோன்சியோ அபுந்தியோவைப் பார்த்தார். வீட்டுக்குத் தலைவர் அவர்தானே. அபுந்தியோ வாசற்படியிலிருந்து ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டு நின்றார்.

"பாடித் தொலைங்களேன்யா, குளுருது" என்றாள் கசில்தா கூட்டத்துக்குள்ளிருந்து.

முகமூடிகள் ஏறின. மணிகளை விட்டார்கள். லியோன்சியோவுக்கு இந்த வீட்டுக்கென்று தயார் செய்து வைத்த பாட்டு எதுவுமில்லை, நின்ற இடத்திலேயே கட்ட வேண்டியிருந்தது. டயர் செய்யப் போனவன் டயர் மாதிரியே உருண்டு போனான், புறப்பட்ட இடம் மறந்து போனான் என்று ஆரம்பித்தார். நடுவில் தடுக்கிற்று, சமாளித்துப் பன்றி அண்டாவில் சட்டை வேகவைத்த சமையல்காரரிடம் வந்தார். முதலில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று ஓப்துலியாவைப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் முதலில் வந்தது. அழுகையும் கலந்துதான் வந்தது, ஆனால் சிரிப்பு. அப்புறம் தெரு சிரித்தது. விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கும் என்று அபுந்தியோ பயந்த சிரிப்பு இது இல்லை. அவருக்கே அது புரிந்திருக்க வேண்டும், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. பிசாசுகள் சொரீசோவையும் எடுத்துக்கொண்டார்கள், சாராயத்தையும் குடித்தார்கள், இரண்டு வழக்கத்துக்கும் பங்கமில்லாமல். கிளம்பத் திரும்பினார்கள்.

"சாம்பல் தீர்ந்துபோச்சா தாசியோ?" என்று கேட்டாள் ஓப்துலியா.

சாம்பல்காரி நின்றாள். முகமூடிக்குள் தாசியோ என்ன முகம் வைத்திருந்தான் என்று தெரியாது. மூட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது, பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஓப்துலியா வாசற்படியில் நின்று கன்னத்தைக் காட்டினாள். சாமியாரின் புத்தகத்தில் அவள் இன்னும் எலியாஸின் மனைவிதான், சாகிற வரைக்கும் அப்படித்தான் இருப்பாள். சாம்பல்காரிக்குப் புத்தகம் கிடையாது. கை மூட்டைக்குள் போனது. சாம்பலை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் ஒரு விரலால் லேசாகத் தடவினான், அப்புறம் துணிந்து இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையால் அப்பிவிட்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கூட்டத்துக் குமரிப் பெண்கள் கூவினார்கள்.

தெரு காலியானதும் அவள் முற்றத்துக்குப் போனாள். மணிச்சத்தம் கீழத்தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. அண்டாவின் மேல் உறைந்த கறுப்புப் பனியை ஓக் கம்பால் குத்தி உடைத்தாள். ஒரு காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற அண்டா அது.

அபுந்தியோ வந்து நின்றார். அவள் கன்னத்தைப் பார்த்தார். துடைத்துக்கொள் என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ள இது சுத்தமாகணும்" என்றாள் அவள். குரலில் இன்னும் கோபம் இருந்தது, கொஞ்ச நாளைக்கு இருக்கும். "மணல் போட்டுத் தேய்க்கணும். நீங்கதான் தேய்க்கப் போறீங்க."

"சரி" என்றார்.

குனிந்து அடுத்த காதைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ச் சரித்தார்கள். கறுப்புத் தண்ணீர் கல்தெருவில் இறங்கி, கசில்தா வீட்டு வாசலைத் தாண்டி, ஓடைப் பக்கமாக ஓடியது.